பக்கம் புரட்ட வந்தவர்

ஜானெல் கண்ணைச் சிமிட்டவில்லை. ஆனாலும் பக்கம் புரண்டது.

பெரிதாக ஒன்றும் முந்திவிடவில்லை, அரை மூச்சு, அவ்வளவுதான். டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை, மணி மூன்று. ஏரியிலிருந்து வருகிற பனி மூன்று நாளாக விடாமல் கொட்டியதில் ஜன்னல் வெளிச்சம் கஞ்சித் தண்ணீராக வெளுத்துக் கிடந்தது. கீழே காலியான ஆலயத்தில் வெந்நீர்க் குழாய்கள் அவ்வப்போது விரல் முறிப்பதுபோல் சொடுக்கிக்கொண்டன. சூடேறிய தூசியும் ஈரக் கம்பளிக் கோட்டும் போன ஞாயிற்றுக்கிழமைக் காப்பியும் கலந்த ஒரு வாசனை இருபத்திரண்டு படி ஏறி, பாடகர் மாடத்தில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் மூக்குக்கு வந்துகொண்டிருந்தது. நாளைக்கான கடைசிப் பாட்டை அவள் இரண்டாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு பக்கம், பெரிய எழுத்தில். நாற்பத்தாறு வயதில் வெள்ளெழுத்து வந்துவிட்டது.

ஆர்கன்காரருக்குக் கை இரண்டும் கட்டைகளில், கால் இரண்டும் கீழே மிதிக்கிற மரக்கட்டைகளில். பக்கம் புரட்ட மூன்றாவது கை கிடையாது. அதற்குத்தான் டேப்லெட்டில் இந்தச் செயலி. அதன் நெற்றியில் உள்ள கேமரா வாசிப்பவர் முகத்தைப் பார்த்தபடியே இருக்கும். வலக்கண்ணை மூடித் திறந்தால் அடுத்த பக்கம் வரும், இடக்கண் என்றால் முந்தைய பக்கம். பத்து மாதமாக ஒரு நாளும் பிசகியதில்லை.

இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் மறுபடியும் புரண்டது. இந்தத் தடவை ஒரு முழு மூச்சு முன்னால். பக்கம் புரண்டால் கண் தாவும், கண் தாவினால் கை தாவும். அது பழக்கம், அறிவைக் கேட்டுக்கொண்டு நடப்பதல்ல. வரி முடியுமுன் அவள் விரல்கள் அடுத்த சரணத்துக்குப் பாய்ந்துவிட்டன.

"டீச்சர்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஆலயத்தைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வெர்ன், பனி அள்ளுகிற மண்வெட்டியோடு நடுவில் நின்றிருந்தார். "என்ன, ரயிலைப் பிடிக்கப் போறீங்களா? மூச்சு விட நேரம் குடுங்க. நம்ம கிழடுகட்டைங்க பாதிப் பாட்டுல பரலோகம் போயிடும்."

"பொட்டிதான் படுத்துது வெர்ன் அண்ணே. தானா புரளுது."

"பேப்பர்னா இப்படிப் பண்ணுமா? ரெய்னோ இருந்திருந்தா அதைத் தூக்கி ஏரியில போட்டிருப்பாரு." சிரித்துக்கொண்டே அவர் கொதிகலன் அறைக்கு இறங்கிப் போனார்.

ரெய்னோ பெயரைக் கேட்டதும் ஜானெல் பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டாள். பதினான்கு வயதிலிருந்தே அவளுக்கு இந்த பெஞ்சின் மேல் கண். ரெய்னோ மெட்சாலா ஐம்பத்தொரு வருஷம் இதில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது தோளுக்குப் பின்னால் நின்று புத்தகத்தில் பக்கம் புரட்டுவது அவள் வேலை. கல்லூரிக்குப் போன நாலு வருஷம் தவிர, நாற்பத்தைந்து வயது வரை அங்கேயே நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது "இன்னைக்கு நீ உட்காரு" என்று அந்த மனுஷன் வாயில் வந்ததில்லை. எண்பத்தொரு வயதில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைச் செருகிக்கொண்டு, சிலிண்டரைப் பேரப்பிள்ளை மாதிரி பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாசித்தார். பிசகாமல் வாசித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆகவே போன வருஷக் கடைசியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒரு இமைப்பொழுது தாமதமாகப் பக்கத்தைப் புரட்டினாள். அவர் தடுமாறினார். தடுமாறியதையெல்லாம் நாற்காலியில் கிடந்த டேப்லெட் பதிவு செய்தது. அதைச் சபைக் கமிட்டிக்குப் போட்டுக் காட்டியவளும் அவள்தான். "பாவம், வயசாயிடுச்சு" என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவளும் அவள்தான். ஜனவரியில் அவரை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் செத்துப்போனார்.

அடக்க ஆராதனை அன்று பெஞ்சில் போய் உட்கார அவளுக்குக் கால் எழவில்லை. விரலில் சுளுக்கு என்று பொய் சொல்லி, டேப்லெட்டை ஒலிபெருக்கியில் செருகி, பாமாலைக்கென்றே விற்கிற ஒலிப்பதிவை ஓடவிட்டாள். பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. வரி முடிந்து ஜனங்கள் மூச்சு வாங்க ரெய்னோ நிறுத்துகிற இடங்களிலெல்லாம் அது தன்பாட்டுக்கு ஓடியது. கிழவர்களும் கிழவிகளும் இளைக்க இளைக்க அதன் பின்னால் ஓடினார்கள். பெட்டிக்குள் படுத்திருந்தவர் மட்டும்தான் அன்றைக்கு அவசரப்படவில்லை.

நாளை ஆராதனை முடிந்ததும் வருடாந்தரக் கூட்டம். தற்காலிகமாக வாசிக்கும் ஜானெலை நிரந்தரமாக்கலாமா என்று கை தூக்கி ஓட்டு. நாளை ஒரே ஒரு நாள் ஒழுங்காக வாசித்துவிட்டால் இந்த பெஞ்சு அவளுடையது. அவள் மறுபடியும் வாசிக்கத் தொடங்கினாள்.

இந்தத் தடவை முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். இமை எரிந்தது, தண்ணீர் கட்டியது, சிமிட்டவில்லை. பக்கம் புரண்டது.

வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேமராவைக் கட்டைவிரலால் மூடினாள். ஒரு நிமிஷம். இரண்டு. ஆர்கனுக்குள் மோட்டார் காற்றடிக்கும் 'உம்' சத்தம் மட்டும். பக்கம் அசையவில்லை. விரலை எடுத்தாள். உடனே புரண்டது. மூடினாள், நின்றது. எடுத்தாள், புரண்டது. அப்படியானால் கெட்டுப்போனது செயலி இல்லை. கேமரா எதையோ பார்க்கிறது, அதைப் பார்த்துத்தான் புரட்டுகிறது.

செயலியின் அமைப்பில், கேமரா காண்பதைத் திரையில் காட்டும் இடம் ஒன்று உண்டு. அது கண்டுபிடிக்கிற முகத்தைச் சுற்றி மஞ்சள் வட்டம் விழும். அதைத் திறந்தாள். அவளுடைய வெளிறிய முகம் தெரிந்தது, அதைச் சுற்றி ஒரு வட்டம். அவளுடைய இடது தோளுக்குச் சற்று மேலே, கொஞ்சம் முன்னால் சாய்ந்து எட்டிப் படிப்பவரின் தலை இருக்கிற உயரத்தில், இன்னொரு வட்டம். அதற்குள் ஒன்றுமில்லை. மாடத்தின் மரக் கைப்பிடி, அதற்கப்பால் கீழே இருட்டிக்கொண்டு வரும் ஆலயம். வட்டம் லேசாக மேலும் கீழும் ஏறி இறங்கியது, நிற்கிற ஒருவர் மூச்சு விட்டால் தலை அசையுமே அப்படி.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. ரப்பர் குழாயின் வாசனை.

"வெர்ன் அண்ணே! இப்ப மேல வந்தீங்களா?"

"நானா?" என்று எங்கோ தூரத்திலிருந்து பதில் வந்தது. "என் முட்டிக்கு அந்தப் படி ஒத்துவருமா டீச்சர்? ரெய்னோ போனதுலேர்ந்து நான் அங்க ஏறவே இல்ல."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டேப்லெட்டைப் பையில் போட்டாள். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரோடு ஒட்டி ஒட்டி இறங்கினாள். இடது பக்கத்தை ஏனோ காலியாக விட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினாள். மணி ஐந்துகூட ஆகவில்லை, வெளியே கும்மிருட்டு. கணவன் ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போயிருந்தான். பயிற்சியைப் பதிவு செய்து கேட்பது அவளுக்கு வழக்கம். டேப்லெட்டை ரொட்டிப் பெட்டிமேல் சாய்த்துவைத்து, காதில் கேட்பானை மாட்டிக்கொண்டு, அன்று வாசித்ததை ஓடவிட்டாள். ஆர்கன் ஒலித்தது. நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் அவசரம். முதல் சரணத்தின் முதல் வரி முடிந்தது. அங்கே ஒரு சத்தம்.

மூச்சு. வறண்ட தொண்டை வழியாக, அடைத்த குழாய் வழியாக, இழுத்து இழுத்து உள்ளே போகிற மூச்சு.

அடுத்த வரி முடிந்தது. மறுபடியும். உள்ளே. ஒவ்வொரு வரி முடிவிலும், ஜனங்கள் மூச்சு வாங்க வேண்டிய அதே இடத்தில். அவள் பொறுத்துப் பொறுத்துக் கேட்டாள். நாலு வரி, எட்டு வரி, பன்னிரண்டு வரி. ஒரு தடவைகூட அந்த மூச்சு வெளியே வரவில்லை. இழுத்ததெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் சரணத்தில் கட்டைகளில் அவளுடைய நகம் படும் சத்தத்தைவிட அது கிட்டத்தில் கேட்டது. கேட்பானைப் பிடுங்கி எறிந்தாள். உருளைக்கிழங்குத் தண்ணீர் பொங்கி அடுப்பில் சுரீரென்றது, அவள் அலறிவிட்டாள்.

பேப்பர் வேண்டும். பேப்பரில் வாசித்தால் கேமரா கிடையாது, செயலி கிடையாது. பழைய ஆர்கன் புத்தகங்கள் எல்லாம் ரெய்னோவின் சொந்தச் சொத்து. வெட்கத்தைப் பார்த்தால் காரியம் ஆகாது என்று, கிழங்கை அப்படியே விட்டுவிட்டுப் பனியில் மூன்று தெரு நடந்து ரெய்னோவின் மனைவி சிர்க்காவின் கதவைத் தட்டினாள்.

சிர்க்கா கதவை ஒரு சாண் திறந்தாள். உள்ளேயிருந்து ஏலக்காய் ரொட்டி வாசனையும் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையின் விறகுப் புகையும் வந்தன. உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நாளைக்குக் கடைசிப் பாட்டுக்கு அவரோட புத்தகம் ஒண்ணு இருந்தா..."

"உன் கண்ணாடிப் பலகை என்னாச்சு?"

"கொஞ்சம் கோளாறு அம்மா."

"புத்தகம் இல்ல. பத்து மாசமா அதைத்தான் சவுனா அடுப்புல போட்டுக் குளிக்கிறேன். இந்த வாரம் ஆர்கன் புத்தகம் தீர்ந்துது. நல்லா எரியுது, பேப்பர் பாரு." சிர்க்கா அவளை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். "கமிட்டிக்கு நீ போட்டுக் காட்டினியே, அது அவருக்கும் ஒரு காப்பி வந்துது. ராத்திரி பூரா திருப்பித் திருப்பிக் கேட்டாரு. தான் தப்புன இடத்தை இல்ல. அதுக்கு ஒரு நொடி முன்னால ஒரு மூச்சு கேக்குது, அதை. நீ மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கிட்டுதான் பக்கத்தை நிறுத்தி வச்சிருக்கே. முப்பது வருஷம் தோள்மேல விழுந்த மூச்சு ஜானெல். அவருக்குத் தெரியாதா?"

ஜானெல் கதவில் கையை வைத்தாள். "அம்மா, நான் வேணும்னு..."

"வேணும்னுதான். அவரு ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்லல. 'அவ உட்காரட்டும் சிர்க்கா. உட்கார்ந்தா அவளுக்கும் பக்கம் புரட்ட ஒரு ஆள் வேணுமே'ன்னாரு. அதுதான் கடைசியா பேசினது. போ, குளிரு உள்ள வருது."

கதவு சாத்திக்கொண்டது.

அப்போதே அவள் போதகருக்குப் போன் பண்ணியிருக்கலாம். விரலில் சுளுக்கு என்று பழைய பொய்யையே திரும்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்கு ஓட்டு. நாளைக்கு வாசிக்காதவளுக்கு யார் கை தூக்குவார்கள்? தண்ணீர் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று, அவள் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்துக் கேமராவின்மேல் இறுக்கி ஒட்டினாள். மூடினால் நிற்கிறது, அவளே பார்த்தாளே. சரண முடிவில் கையை எடுத்துப் பக்கத்தைத் தானே தள்ளிக்கொள்ளலாம். ஒரு சுரம் விட்டுப்போகும். போகட்டும்.

ஞாயிறு காலை பத்து மணி. பனி நின்று வெயில் அடித்தது. ஆலயம் நிறைந்திருந்தது, கூட்டம் இருக்கிற நாளில் ஓட்டுப் போடவும், அதன்பின் அடித்தளத்தில் போடுகிற இறைச்சி வடைக்கும் காப்பிக்கும் எல்லாரும் வந்துவிடுவார்கள். பீடத்துக்குப் பக்கவாட்டில் மாடம், ஜனங்களுக்கு முதுகு காட்டித்தான் ஆர்கன். தலைக்கு மேல் மாட்டிய கண்ணாடியில் கீழே எல்லாரும் தெரிந்தார்கள். முதல் வரிசையில் சிர்க்கா, நீலத் தொப்பியோடு. முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு சரணத்துக்கும் கையை எடுத்துத் தள்ளினாள், யாருக்கும் தெரியவில்லை. பிளாஸ்திரி இருந்த இடத்தில் இருந்தது. பிரசங்கத்தின்போது போதகர் ஒரு வேடிக்கை சொன்னார், ஜனம் சிரித்தது, அவளும் சிரித்தாள். வெயில் பட்டு முழங்கை சுட்டது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிவிட்டதாக நினைத்தாள்.

கடைசிப் பாட்டு. ஆறு சரணம். முன்னிசை வாசித்தாள். ஜனம் எழுந்து நின்றது. பாடியது.

முதல் சரணம் முடிகிறபோது பக்கம் புரண்டது.

நிமிர்ந்தாள். கேமராவின் கறுப்புப் புள்ளி அவளை நேராகப் பார்த்தது. பிளாஸ்திரி பெஞ்சின் இடது ஓரத்தில் இருந்தது. கசங்காமல், நகத்தால் நீவி ஒட்டினதுபோல.

கைகள் அடுத்த சரணத்துக்குப் பாய்ந்துவிட்டன. கீழே பாதிப் பேர் மூச்சை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார்கள். அவள் காதருகே, இடது பக்கம், ஒரு மூச்சு உள்ளே போயிற்று.

இரண்டாம் சரணம். இன்னும் சீக்கிரம் புரண்டது. ஒரு வரி முழுதாக மிச்சமிருக்கும்போதே. கண் தாவியது, கை தாவியது. யாரோ இருமினார்கள். கண்ணாடியில் வெர்ன் தெரிந்தார், கடைசி வரிசையில், மாடத்தைப் பார்த்துச் சிரித்தபடி தலையை ஆட்டினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பாடிய வாய் நிற்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கலாம் என்று நினைத்தாள். மூட முடியவில்லை. மூடினால் இடது பக்கத்தை எப்படிப் பார்ப்பது?

மூன்றாம் சரணம். நடுவிலேயே. நான்காம் சரணம். வரிக்கும் வரிக்கும் இடைவெளியே இல்லை. ஒரே நூல். கண்ணாடியில் முகங்கள் சிவந்தன. அப்புறம் கறுத்தன. வாய்கள் திறந்தே இருந்தன, வட்டமாக. பாடினார்கள். ஒருவர்கூட மூச்சு வாங்கவில்லை. அவர்கள் வாங்க வேண்டியதை எல்லாம் அவள் தோளுக்குப் பின்னால் ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே. உள்ளே. உள்ளே.

நிறுத்து. கையை எடு.

எடுத்தால் ஓட்டு போய்விடும். இந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் தோன்றியது. இன்னும் இரண்டே சரணம். முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஐந்தாவதை வாசித்தாள். ஆறாவதை வாசித்தாள். போதகர் பீடத்தின் படியில் மண்டியிட்டு, கையை ஊன்றி, பாடிக்கொண்டிருந்தார். அவளுக்காக உயர வேண்டிய கைகள் எல்லாம் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் எடுத்தாள். இரண்டு கையையும். இரண்டு காலையும்.

ஆர்கன் நின்றது. பாட்டு நிற்கவில்லை.

டேப்லெட்டிலிருந்து இசை வந்தது. அடக்க ஆராதனையில் இதே பாட்டுக்கு அவள் ஓடவிட்ட அதே பதிவு, யாருக்காகவும் நிற்காத அதே வேகம். அதற்குச் சரியாக, ஒரு சுரம் பிசகாமல், நூற்றிருபது பேர் பாடினார்கள். ஒலியைக் குறைத்தாள். குறையவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அணையவில்லை. பிடுங்கிக் கவிழ்த்து மடியில் அமுக்கினாள். "நிறுத்துங்க, உட்காருங்க, பாடாதீங்க" என்று கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. ஒரு கிழவர் முன்னிருக்கையின்மேல் சாய்ந்தார். சாய்ந்தபடியே பாடினார். நடுவரிசையில் ஒரு தாய் தன் குழந்தையின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். பொத்திய கைக்குள் குழந்தை பாடியது.

பெஞ்சின் இடது பக்கம் மெல்லத் தாழ்ந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் தாழ்கிற அளவு.

அவள் திரும்பவில்லை. கண்ணாடியையே பார்த்தாள். முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் மட்டும் மூடியிருந்தது. சிர்க்கா கைப்பையைத் திறந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்தாள். தாளை நிதானமாகப் பிரித்தாள். நாக்கில் வைத்துக்கொண்டு, மூக்கால் நன்றாக ஒரு மூச்சு இழுத்து விட்டு, தலையைத் திருப்பி மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஜானெலை அல்ல. அவளுக்கு இடது பக்கத்தில் கொஞ்சம் தள்ளி.

ஜானெலின் மடியில் கவிழ்ந்திருந்த டேப்லெட் தானாக நிமிர்ந்தது. ஆறே சரணம் உள்ள பாட்டுக்கு, திரையில் ஏழாவது பக்கம் புரண்டது.